விதியைச் சொல்லிவிட்டோம், சொல்லிக்கொடுத்தோமா?

வாசகர் கேள்வி பதில்

பள்ளிகள் திறந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. இந்த நாட்களில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் வெவ்வேறு குரலில் சொல்கின்றன: சிறு வகுப்புப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இடம் கருதிக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். முப்பத்தோரு ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றித் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஒன்றாம் வகுப்பில் 34 பிள்ளைகள். முதல் வாரத்திலேயே பன்னிரண்டு விதிகளை வண்ண அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். காலைதோறும் எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். ஒரு சொல் பிசகுவதில்லை. ஆனால் ‘வரிசையில் நிற்க வேண்டும்’ என்று உரக்கச் சொல்லிப் பத்து நிமிடம் ஆவதற்குள் தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். வேண்டுமென்றே செய்கிறார்களா அம்மா?
— ஆசிரியை, மணப்பாறை

பதில்: வேண்டுமென்று செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த விதி என்ன கேட்கிறது என்பதே அவர்களுக்கு இன்னும் தெரியாது. ‘வரிசை’ என்றவுடன் உங்கள் கண்முன் ஒரு காட்சி வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வெறும் ஓசை. அவனுக்குத் தெரிந்த குழாயடி அவன் தெருவில் இருக்கிறது. அங்கே முந்திக்கொள்பவர் குடம்தான் முதலில் நிறைகிறது என்பதை அவன் அம்மாவின் இடுப்பில் இருந்தபடியே பார்த்து வளர்ந்திருக்கிறான். பள்ளிக் குழாயடி வேறு வகையானது என்பதை யாராவது அவனுக்குச் செய்து காட்டியாக வேண்டும்.

‘அ’ எழுதக் கற்றுக்கொடுக்கும்போது நாம் எவ்வளவு பொறுமையாக இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மணலில் எழுத வைக்கிறோம், காற்றில் எழுத வைக்கிறோம், கையைப் பிடித்து எழுத வைக்கிறோம், புள்ளி வைத்துக் கொடுத்து இணைக்கச் சொல்கிறோம். நேற்றுச் சொன்ன ‘அ’ இன்று வரவில்லை என்றால் யாரும் அதை ஒழுங்கீனம் என்று சொல்வதில்லை. விதியை மட்டும் ஒரே நாளில் சொல்லி முடித்துவிட்டு, மறுநாளே அது வரவில்லை என்று முகம் சிவக்கிறோம்.

நான் சத்துணவு வரிசையைச் சொல்லிக்கொடுத்த விதத்தைச் சொல்கிறேன். பகல் பன்னிரண்டரை மணிக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றபோதெல்லாம் தோற்றேன். சாம்பார் வாசனை வந்த பிறகு எந்தப் பிள்ளையும் கற்கும் நிலையில் இருப்பதில்லை. எனவே காலை பத்தரை மணிக்கே வெறும் தட்டோடு ஒத்திகை பார்த்தோம். சமையலறை வாசலில் இருந்து வராண்டா தூண் வரை தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டிரண்டு பாதங்களாக வரைந்தேன். பாயிலிருந்து எழுவது, தட்டை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொள்வது, ஒரு பாதச் சுவட்டில் நிற்பது, முன்னால் நிற்பவர் நகர்ந்த பிறகே அடுத்த சுவட்டுக்குப் போவது, தட்டை நீட்ட வேண்டிய இடத்தில் மட்டும் நீட்டுவது என்று ஒவ்வொன்றையும் முதலில் நானே செய்து காட்டினேன். பிறகு வேண்டுமென்றே தவறாகவும் செய்து காட்டினேன். தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முந்தி ஓடும் டீச்சரைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள், “தப்பு! தப்பு!” என்று கத்தி என்னைத் திருத்தினார்கள். அப்படித் திருத்தத் தெரிந்துவிட்டால் விதியின் உருவம் மனத்தில் விழுந்துவிட்டது என்று பொருள். ஐந்து நாட்கள் ஒத்திகை பார்த்தோம். சுண்ணக்கட்டிச் சுவடு அழிந்த பிறகும் பிள்ளைகள் அந்த இடைவெளியிலேயே நின்றார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது பாதி மறந்துபோயிருந்தது. மறுபடியும் இரண்டு நாட்கள் ஒத்திகை தேவைப்பட்டது. இதை முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர் அட்டையைப் பற்றிக் கடுமையாகச் சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் நானும் மாட்டியிருக்கிறேன். ஆனால் இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளின் வகுப்பில் எழுதி மாட்டிய விதி, பார்வையிட வரும் அலுவலருக்குத்தான் பயன்படும். 1968ஆம் ஆண்டு மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு ஆசிரியர்களின் வகுப்புகளில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். விதிகளை அறிவித்து, அடிக்கடி நினைவூட்டியது மட்டும் பிள்ளைகளின் நடத்தையை ஏறக்குறைய எதுவும் மாற்றவில்லை. சிறு சலசலப்புகளைக் கண்டும் காணாமல் விட்டு, விதிப்படி நடந்துகொண்ட பிள்ளையை அந்தக் கணத்திலேயே கவனித்துப் பாராட்டத் தொடங்கிய பிறகே மாற்றம் தெரிந்தது. பாராட்டு என்றால் ‘வெரி குட்’ என்று பொதுவாகச் சொல்வதை நான் குறிப்பிடவில்லை. “தட்டை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாய், அதனால் பக்கத்தில் நிற்பவர் மேல் இடிக்கவில்லை” என்று செய்த செயலைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். பின்னால் நிற்கும் நான்கு பேர் உடனே தட்டைத் திருத்திப் பிடிப்பதைப் பார்ப்பீர்கள்.

பன்னிரண்டு விதிகளை நான்காகக் குறைத்துவிடுங்கள். அவற்றையும் செய்ய வேண்டியதைச் சொல்லும் வாக்கியங்களாக மாற்றுங்கள். தமிழில் ‘ஓடாதே’ என்ற சொல்லைப் பாருங்கள். ஓட்டம் முதலில் வந்துவிடுகிறது, மறுப்பு வால்போலக் கடைசியில்தான் வருகிறது. சோவியத் உளவியலாளர் லூரியா சின்னக் குழந்தைகளின் கையில் ரப்பர்க் குமிழைக் கொடுத்துச் செய்த சோதனைகளில், ‘அழுத்தாதே’ என்ற கட்டளையே அழுத்துவதற்கான தூண்டுதலாகிவிட்டதைக் கண்டதாக எழுதினார். பின்னாளில் அதைச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைத்துவிடவில்லை என்றாலும், வராண்டாவில் ‘ஓடாதே’ என்று கத்திப் பழகிய எந்த ஆசிரியருக்கும் அவர் சொன்னது வியப்பாக இருக்காது. “வராண்டாவில் நடந்து வா” என்று சொன்னால், கால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

கேள்வி: ஆசிரியர் பயிற்சி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏழு வயதுக்கு முன்பு குழந்தைகளுக்கு விதி என்பதே புரியாது என்று எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் வந்தது. புரியாத வயதில் கற்றுக்கொடுப்பது வீண் இல்லையா?
— மாணவி, திருவாரூர்

பதில்: விவாதத்தின் வேர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே. 1932இல் வெளியான தம் ஆய்வில், சுவிட்சர்லாந்துச் சிறுவர்கள் கோலிகுண்டு விளையாடுவதை அவர் கூர்ந்து கவனித்து எழுதினார். அவர்களோடு தாமும் குந்தி உட்கார்ந்து, தெரியாதவர் போல விதிகளைக் கேட்டார். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள், விதி பெரியவர்களிடமிருந்து வந்தது, அதை யாரும் மாற்றக் கூடாது என்று உறுதியாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்ன அதே பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக விளையாடி, கடைசியில் எல்லோருமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். பதினொரு, பன்னிரண்டு வயதினருக்குத்தான் விதி நமக்குள் செய்துகொண்ட உடன்பாடு, எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்று தெரிந்திருந்தது. இதிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு விதி புரியாது என்ற முடிவுக்கு வருவது அவசரம். அவர்களுக்கு விதியின் மேல் மரியாதை இருக்கிறது. கைதான் இன்னும் பழகவில்லை.

பிள்ளைகள் எங்கே பழகுகிறார்கள் என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, சாயங்காலம் உங்கள் தெருவுக்குப் போனால் போதும். ‘குலை குலையா முந்திரிக்கா’ ஆட்டத்தில் பத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் துணியை ஒளித்தபடி முதுகுப் பக்கமாகச் சுற்றி வருகிறான். திரும்பிப் பார்க்கக் கூடாது. துணி தன் பின்னால் விழுந்ததா என்று கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். நம் வகுப்பில் இரண்டு நிமிடம் உட்கார முடியாத அதே பிள்ளை, அங்கே கழுத்தைத் திருப்பாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறான். திரும்பிப் பார்த்தால் ஆட்டம் செத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். 1940களில் மனுயிலென்கோ என்ற சோவியத் ஆய்வாளரும் இதையே வேறு விதமாகக் கண்டார். ‘அசையாமல் நில்’ என்று பெரியவர் கட்டளையிட்டபோது சிறிது நேரமே நின்ற பிள்ளைகள், காவல்காரன் வேடம் கொடுத்து விளையாட்டாக நிற்க வைத்தபோது அதைவிட வெகுநேரம் நின்றார்கள்.

நம் தெரு விளையாட்டில் இன்னொரு ஏற்பாடு உண்டு. அதற்கு இணையாக எந்தக் கல்வி நூலிலும் நான் படித்ததில்லை. அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வரும் மூன்று வயதுக் குழந்தையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அதற்கு ‘அவுட்’ கிடையாது. தொட்டாலும் தொட்டதாகக் கணக்கில்லை. அதற்கு ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று பெயர். (அந்தப் பெயரில் உடற்குறை ஒன்றை இழிவுபடுத்தும் தொனி இருப்பதால் நான் வகுப்பில் அதைப் பயன்படுத்துவதில்லை, ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.) அந்தக் குழந்தை விதியைத் தெரிந்துகொண்டு ஆட்டத்துக்குள் வரவில்லை, ஆட்டத்துக்குள் இருந்து, ஓடி, சிரித்து, பார்த்துப் பார்த்து விதியைத் தெரிந்துகொள்கிறது. ஒருநாள் அதுவே “என்னை இனிமேல் நிஜமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கேட்கும். அன்றிலிருந்து அது அழுகுணி ஆட்டம் ஆடினால் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள்.

ஆகவே புரிந்த பிறகு கற்பிக்கலாம் என்று காத்திருந்தால் புரிதல் வராது. ஜூன் மாதம் முழுவதும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் அந்த மூன்று வயதுக் குழந்தையாக நினைத்துக்கொள்ளுங்கள். விதிக்குள் இருக்கட்டும், ‘அவுட்’ மட்டும் வேண்டாம். காரணத்தையும் உடனுக்குடன் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். “பென்சிலைப் பெட்டியில் போடு, இல்லாவிட்டால் நாளைக்கு யாரோ ஒருவருக்குப் பென்சில் இருக்காது” என்பதைப் புரிந்துகொள்ள ஏழு வயது ஆக வேண்டியதில்லை.

கேள்வி: மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். அலுவலக வேலையாகச் சிறிது நேரம் வெளியே போக நேர்ந்தால், வகுப்புத் தலைவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்வேன். வகுப்பும் அமைதியாகத்தான் இருக்கிறது. இதில் தவறு உண்டா?
— ஆசிரியர், அரூர்

பதில்: அமைதியாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை நீங்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பாருங்கள். நான் நின்றிருக்கிறேன். என் வகுப்பின் தலைவி ஒன்பது பெயர்களை எழுதியிருந்தாள். அவற்றில் ஒரு பெயர் ஒரு நெல்லிக்காய்க்கு அழிந்தது. இன்னொன்று வாசனை ரப்பர் ஒன்றுக்கு அழிந்தது. முதல் நாள் அவளோடு ‘டூ’ விட்ட பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில், வாயே திறக்காமல் இருந்தபோதும், மூன்று பெருக்கல் குறிகள் விழுந்தன. நான் உள்ளே வந்ததும் மொத்த வகுப்பும் கையைக் கட்டிக்கொண்டது. கையில் சுண்ணக்கட்டி வைத்திருப்பவரின் தயவுதான் விதி என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் முப்பது பிள்ளைகளும் தெளிவாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அதைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அந்தத் தலைவியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டு வயதில் அவ்வளவு அதிகாரத்தைக் கையில் கொடுத்தால் யார்தான் தாங்குவார்கள்?

பொறுப்பு கொடுங்கள், தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். தண்ணீர்ப் பானையை மூடுபவர், விளக்கை அணைப்பவர், நோட்டுகளை அடுக்குபவர் என்று வாரந்தோறும் மாற்றிக் கொடுக்கலாம். வெளியே போகும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு முடிக்கக்கூடிய ஒரு வேலையையும் கொடுத்துவிட்டுப் போங்கள். கையில் வேலை இல்லாத வகுப்பு பேசத்தான் செய்யும். அது குற்றப் பட்டியலில் சேர வேண்டிய செயலும் இல்லை.

கேள்வி: என் மகள் படிக்கும் ஆங்கிலவழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பிலேயே அபராதம் இருக்கிறது. தமிழில் பேசினால் 10 ரூபாய். வீட்டுப்பாடம் கொண்டுவராவிட்டால் 10 ரூபாய். பக்கத்துப் பிள்ளையை அடித்தால் அதற்கும் 10 ரூபாய். போன வாரம் அவள் என்னிடம் 20 ரூபாய் கேட்டாள். எதற்கு என்றேன். “நாளைக்கு ரெண்டு தடவை தமிழில் பேசிக்கலாம்மா” என்கிறாள். சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: உங்கள் மகள் அபராதத்தை மிகச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். பணம் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பதுதான் அபராதம் சொல்லித்தரும் பாடம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டு வெளியானது. மாலையில் குழந்தையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்கள் அபராதம் விதித்தன. தாமதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், கூடியது. ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்து வாங்கிய நேரம் என்றாகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பி வரவில்லை. அவர்கள் வளர்ந்தவர்கள், உங்கள் மகளுக்கு ஏழு வயது.

அந்தப் பட்டியலில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது எல்லாவற்றுக்கும் ஒரே விலை வைத்திருப்பதுதான். மழலையர் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘டீச்சர் சரி என்று சொல்லிவிட்டால் அடிக்கலாமா?’ என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் கூடாது என்பார்கள். ‘டீச்சர் சொன்னால் சாப்பிடும் நேரத்தை மாற்றலாமா?’ என்றால் மாற்றலாம் என்பார்கள். எலியட் துரியல் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரைப் பின்பற்றியவர்களும் 1970களில் இருந்து இந்த வேறுபாட்டைப் பல விதமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிறரை நோகடிப்பதும் வெறும் நடைமுறையை மீறுவதும் ஒன்றல்ல என்று பிள்ளைக்கே தெரிந்திருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே பத்து ரூபாய் என்று சொல்லி அந்தத் தெளிவைக் குழப்புகிறோம். தாய்மொழியில் பேசியது அந்தப் பட்டியலில் இருப்பதைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. பிற பெற்றோர் சிலரையும் சேர்த்துக்கொண்டு முதல்வரைப் பாருங்கள். தனியாகப் போனால் உங்கள் மகளைப் பற்றிய பேச்சாகவே அது முடிந்துவிடும்.

கேள்வி: பாடம் நடக்கும்போது ஒருவன் “டீச்சர், ஒண்ணுக்கு” என்றால் உடனே பத்துப் பேர் எழுகிறார்கள். இடைவேளையில் மட்டும்தான் அனுமதி என்று விதி வைக்கலாமா?
— ஆசிரியை, ஆரணி

பதில்: வேண்டாம். உடம்பின் தேவையை விதிக்குள் கொண்டுவராதீர்கள். கதவருகே இரண்டு மர அட்டைகளைத் தொங்கவிடுங்கள். எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்து மாட்ட வேண்டும், அட்டை இல்லையென்றால் வரும் வரை காத்திருக்க வேண்டும். மிகவும் அவசரமானவனுக்கு அட்டையும் தேவையில்லை. முதல் வாரத்தில் எல்லோரையும் கழிப்பறைக்கு அழைத்துப் போய், தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்று காட்டினீர்களா? பயத்தால் துணைக்கு ஆள் தேடி எழுகிறவர்களும் அந்தப் பத்துப் பேரில் இருப்பார்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். எங்கள் காலத்தில் வாத்தியாரின் பிரம்பைப் பார்த்தே ஒழுங்காக இருந்தோம். ‘முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும்’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இன்று ஆசிரியர்களின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, பிள்ளைகள் விதிக்குக் கட்டுப்படவில்லை என்று புலம்புவது சரியா?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஐயா, தங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை கொடுத்தே மறுக்கிறேன். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, உடல் தண்டனை விலக்கப்பட்டது. பிறகு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு உடலை வருத்துவதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. தோப்புக்கரணம் போட வைப்பதும், பெயர் வைத்துக் கேலி செய்வதும் ‘லேசான தண்டனை’ என்ற பெயரில் தப்பிவிட முடியாது.

சட்டம் இருக்கட்டும். பணிக்குச் சேர்ந்த முதல் நான்கைந்து ஆண்டுகள் என் மேசையிலும் அடிக்கோல் இருந்தது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் புதிதாக வெள்ளையடித்த சுவரில் கரியால் கிறுக்கிக்கொண்டே இருந்தான். விரல் முட்டியில் ஒரு அடி வைத்தேன். அதன் பிறகு நான் அறையில் இருக்கும்போது அவன் சுவர்ப் பக்கம் திரும்பியதே இல்லை. பள்ளி முடிந்த பிறகு, கழிப்பறைச் சுவர் முழுக்க அவன் வரைந்த படங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று அடிக்கோலோடு நிற்கும் ஒரு பெண்மணி. நன்றாகவே வரைந்திருந்தான். சுவரை ஏன் கெடுக்கக் கூடாது என்பதை என் அடி அவனுக்குச் சொல்லவில்லை. என் கண்ணுக்கு எட்டாத சுவர் எது என்பதைத்தான் சொல்லியிருந்தது. மறுநாள் வகுப்பின் பின்சுவரில் கைக்கெட்டும் உயரத்துக்குக் கரும்பலகை வண்ணம் பூசிக் கொடுத்து, கழிப்பறைச் சுவரை நானும் அவனும் சேர்ந்தே தேய்த்துக் கழுவினோம். கழுவுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவனே முனகினான். அந்த முனகலுக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

முருங்கையைப் பற்றி ஒரு சொல்: ஒடித்தால் தழைப்பது அந்த மரத்தின் இயல்பு. தென்னையின் குருத்தை ஒடித்துப் பாருங்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மரம் இல்லை.

ஆனால் தங்கள் கடிதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பிரம்பை வாங்கிக்கொண்ட நாம், அதற்குப் பதிலாக ஆசிரியர்களின் கையில் போதுமான பயிற்சியைக் கொடுக்கவில்லை. அடிக்காமல் இருப்பதும் விதியே இல்லாமல் விட்டுவிடுவதும் ஒன்றென்று நினைக்கும் இளம் ஆசிரியர்களை நானும் பார்க்கிறேன். விதியை மீறினால் ஏதாவது நடக்கத்தான் வேண்டும். கொட்டியவன் துடைக்க வேண்டும், கிழித்தவன் ஒட்டித் தர வேண்டும்.

கேள்வி: என் பேரன் யு.கே.ஜி. படிக்கிறான். எல்லா விதியும் அவனுக்குத் தெரியும், கேட்டால் சொல்கிறான். ஆனால் ஓரிடத்தில் உட்கார மாட்டான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான் என்று டைரியில் எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஏதாவது குறைபாடாக இருக்குமோ என்று என் மருமகள் அழுகிறாள்.
— பாட்டி, விருதுநகர்

பதில்: மருமகளை முதலில் சமாதானப்படுத்துங்கள் அம்மா. ஐந்து வயதில் உட்கார முடியாமல் இருப்பது பெரும்பாலும் ஐந்து வயதுதான். ஆனால் ‘கூப்பிட்டால் திரும்ப மாட்டான்’ என்ற வரியை நான் இரண்டு முறை படித்தேன். காதைப் பரிசோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டால் கேட்கும் திறன் சில வாரங்களுக்கு மங்கிவிடும். நாம் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வோம். கண்ணையும் பார்த்துவிடுவது நல்லது. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறானா என்றும் கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிய பிறகு, முதல் பாட வேளையில் எரிச்சலும் சண்டையும் குறைந்திருப்பதாக அரசுப் பள்ளியில் இருக்கும் என் தோழியர் பலர் சொல்கிறார்கள். அது எனக்கு வியப்பாக இல்லை; வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையிடம் நான் எவ்வளவோ விதி பேசியிருக்கிறேன்.

இவையெல்லாம் சரியாக இருந்தும், வீட்டிலும் பள்ளியிலும் விளையாடும் இடத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் ஒரே நிலை தொடர்ந்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சிறு வயதிலேயே கண்டறியும் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் கட்டணம் இல்லாமல் காட்டலாம். அதுவரை டைரி எழுதும் ஆசிரியையிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: தூரத்திலிருந்து கூப்பிடாமல், அருகில் வந்து தோளைத் தொட்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லட்டும்.

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம் இருக்கின்றன. ஒரு வகுப்புக்கு விதி சொல்வதற்குள் மற்ற இரண்டும் கலைந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு நிமிடத்துக்கு ஒரு புகார்: “டீச்சர், இவன் கோட்டைத் தாண்டி உட்கார்ந்திருக்கான்”, “டீச்சர், இவ என் ஸ்லேட்டைத் தொட்டுட்டா.” எப்படிச் சமாளிப்பது?
— ஆசிரியை, கல்வராயன்மலை

பதில்: 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு, பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் அந்தக் கணக்கு வகுப்புகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. உங்கள் சிரமம் எனக்குத் தெரியும், ஒன்பது ஆண்டுகள் அப்படிப்பட்ட அறையில் இருந்திருக்கிறேன். ஆனால் விதியைப் பொறுத்தவரை அந்த அறைக்கு ஒரு வசதி உண்டு. போன வருடம் விதியைக் கற்றுக்கொண்டவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையை இணையாக்குங்கள். கண்காணிக்கச் சொல்லாதீர்கள், கூடவே செய்யச் சொல்லுங்கள்: செருப்பைச் சேர்ந்து அடுக்கட்டும், பாயைச் சேர்ந்து விரிக்கட்டும், குழாயடிக்குக் கைகோத்துப் போகட்டும். ஒரு மாதத்தில் உங்கள் தொண்டைக்குப் பாதி ஓய்வு கிடைக்கும்.

புகார்களைக் கோள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை விதியை இப்போதுதான் கையில் பிடித்திருக்கிறது. அது சரிதானா என்று உங்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்கிறது. “ஆமாம், கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும், உனக்குத் தெரிந்திருக்கிறது” என்று மட்டும் சொல்லுங்கள். தீர்ப்பு வழங்க எழுந்து போக வேண்டாம். கிள்ளினான், தள்ளினான், அழுகிறாள் என்று வந்தால் மட்டும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போங்கள். எதற்கு எழுகிறீர்கள், எதற்கு எழுவதில்லை என்பதைப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் கணக்கெடுத்துவிடுவார்கள். பிறகு ஸ்லேட்டுக்காக வரும் புகார் தானாகவே குறையும்.

இன்னொன்று: மூன்று வகுப்புக்கும் பொதுவான விதிகளை நினைவூட்ட நாளின் முதல் ஐந்து நிமிடத்தை ஒதுக்குங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகும் மணி அடித்த பிறகுதான் நாளைக்கான விதிகளைச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் பையின் வாரை மாட்டுவதிலேயே குறியாக இருக்கிறார்கள்.